விரலுக்கு யார் பாடம் எடுப்பது?

போன மாதம் கழுத்து வலிக்காகப் போயிருந்தபோது எங்கள் பகுதி பிசியோதெரபிஸ்ட் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. நான் கடன் கொடுத்த புத்தகம் மேஜை மேல் பாதி திறந்து கிடந்தது.

"சார், இந்த புக்கை முழுசா படிச்சா நான் பேஷண்ட்டுக்குச் செய்ய முடியுமா?"

"முடியாதும்மா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்று கேட்டபோது எனக்கு வார்த்தை வரவில்லை. நான்தான் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பேசியவன். இந்தப் பதிவு அந்த 'முடியாது'வுக்கு நான் பின்னால் யோசித்து எழுதும் விளக்கம். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளவும்.

புத்தகம்: 'எ ஹெட்டேக் இன் த பெல்விஸ்'. எழுதியவர்கள் டேவிட் வைஸ் என்ற உளவியலாளர், ரோட்னி ஆண்டர்சன் என்ற ஸ்டான்ஃபோர்டு சிறுநீரகத்துறை மருத்துவர். முதல் பதிப்பு 2003. தலைப்பைத் தமிழில் 'இடுப்புக்குழிக்குள் ஒரு தலைவலி' என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்புக்குழி என்ற சொல்லே நமக்குப் பழக்கமில்லை. பாடப்புத்தகத்தில் கூபகம் என்று போடுவார்கள். மக்கள் 'அடிவயிறு', 'கீழ', 'உட்காருற இடம்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். இடத்துக்கே பெயர் சொல்லத் தயங்கும்போது அங்கே வரும் வலியைப் பற்றி யார் வாய் திறக்கப் போகிறார்கள்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை. முப்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தது. சிறுசேரியில் வேலை, பத்து மணி நேரம் நாற்காலி. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அதன்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாத்ரூம் போய்வந்த அரை மணியில் மறுபடி போக வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் 'புராஸ்டேட் இன்ஃபெக்ஷன்' என்றார்கள். பரிசோதனையில் கிருமி எதுவும் இல்லை. ஆனாலும் சிப்ரோஃப்ளாக்சசின் நாலு வாரம். போகவில்லை என்றதும் இன்னொரு நாலு வாரம். அடுத்த இடத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "எல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பினார்கள். வீட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றபடியே போவேன். "உக்காருங்க சார், அதான் இடம் இருக்குதுல்ல" என்று கண்டக்டர் கோபித்துக்கொள்வார்.

எனக்கு நடந்தது விதிவிலக்கு இல்லை என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1995இல் 'புராஸ்டேட் அழற்சி' என்ற ஒற்றைப் பெயரை நாலு வகையாகப் பிரித்தது. முதல் இரண்டும் கிருமியால் வருபவை. மூன்றாவது, கிருமி எதுவும் கிடைக்காத நாள்பட்ட இடுப்புக்குழி வலி. இந்தப் பெயரில் டாக்டரிடம் வரும் ஆண்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மூன்றாவது வகை. 2004இல் இந்த வகை ஆண்கள் 196 பேரை வைத்து நடந்த ஒரு கட்டுப்பாட்டு ஆய்வில், ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. நான் எட்டு வாரம் சாப்பிட்டது அந்த ஆய்வு வெளியாகிப் பத்து வருடத்துக்குமேல் கழித்து!

(இங்கே ஒன்று. சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, கால் மரத்துப்போவது இதெல்லாம் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள். கிருமியும் கட்டியும் இல்லை என்று தெரிந்த பிறகு வரும் கேள்விகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.)

சரி, புத்தகத்துக்கு வருவோம். வைஸ் தானே இருபது வருடத்துக்குமேல் இந்த வலியில் கிடந்தவர். அதனால் முதல் ஐம்பது பக்கம் படிக்கும்போது யாரோ என் டைரியைத் திருடிப் படித்த மாதிரி இருந்தது. வாதம் எளிமையானது. இடுப்பின் அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசைப்படுகை இருக்கிறது. லெவேட்டார் ஏனை அதில் முக்கியமானது. பயந்த நாய் வாலைச் சுருட்டிக்கொள்கிற மாதிரி, பதற்றத்தில் நாம் இந்தத் தசைகளை இறுக்குகிறோம். வருடக்கணக்கில் இறுக்கினால் தசையில் முடிச்சு மாதிரி இடங்கள் உண்டாகும். அவற்றை அழுத்தினால் வலி அங்கே மட்டும் இல்லாமல் வேறெங்கோ தெரியும். இவற்றைத்தான் ட்ரிகர் பாயிண்ட் என்கிறார்கள். வலி பயத்தைக் கூட்டும், பயம் இறுக்கத்தைக் கூட்டும். வட்டம். இதை உடைக்க இரண்டு வழி: ஒன்று, எட்மண்ட் ஜேக்கப்சனின் பழைய தசைத்தளர்வு முறையிலிருந்து எடுத்த ஒரு தளர்வுப் பயிற்சி. இன்னொன்று, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையுறை போட்ட விரலால் உள்ளிருந்து, அதாவது ஆசனவாய் அல்லது பெண்ணுறுப்பு வழியாக, அந்த முடிச்சுகளை அழுத்தித் தளர்த்துவது.

விரல் யோசனை புதுசில்லை. ஜார்ஜ் தீல் என்ற அமெரிக்க மருத்துவர் 1937லேயே வால் எலும்பு வலிக்கு லெவேட்டார் தசையை உள்ளிருந்து நீவிவிடுவதைப் பற்றி எழுதிவிட்டார். தீல் மசாஜ் என்றே பெயர். ஜேனட் ட்ராவெல் (ஜனாதிபதி கென்னடியின் டாக்டர்) டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து எழுதிய ட்ரிகர் பாயிண்ட் கையேட்டின் இரண்டாம் தொகுதி 1992இல் வந்தபோது அதில் இடுப்புத்தளத்துக்கும் ஓர் அத்தியாயம் இருந்தது. நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே "வர்மத்துல இதெல்லாம் அப்பவே இருக்கு" என்பார்கள். வர்மப் புள்ளி வரைபடத்தையும் ட்ராவெலின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கும் விளையாட்டில் எனக்கு ஆர்வமில்லை. பொருந்தினாலும் யாருக்கும் வலி குறையப் போவதில்லை.

வைஸ் குழுவின் எண்கள் என்ன? 2005இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், மற்ற சிகிச்சைகள் பலிக்காத 138 ஆண்கள். அதில் 72% பேர் 'ஓரளவு நன்றாக' அல்லது 'மிக நன்றாக' முன்னேறியதாகச் சொன்னார்கள். முதலில் படித்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது பொறியாளன் விழித்துக்கொண்டான். ஒப்பிட இன்னொரு குழு இல்லை. நோயாளிகள் தேடி வந்தவர்கள். மாத்திரை பலிக்காமல் நொந்துபோய் வந்தவனுக்கு ஒருவர் முதல்முறையாக உன் வலி நிஜம் என்று சொன்னாலே பாதி குறையும். எனக்குக் குறைந்தது.

ஆனால் என் பெரிய குறை அதில்லை. மென்பொருள் வேலையில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு அளவு உண்டு. ஒரு ப்ராஜெக்டில் எத்தனை பேர் மேல் நாளைக்கு பஸ் ஏறினால் வேலை நின்றுபோகும் என்ற எண்ணிக்கை. எண் ஒன்று என்றால் ப்ராஜெக்ட் ஆபத்தில் இருக்கிறது. அந்த ஒருத்தர் லீவு போட்டாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். இந்தச் சிகிச்சையைப் பல வருடம் செய்த கை பெரும்பாலும் ஒரே கை. டிம் சாயர் என்ற பிசியோதெரபிஸ்ட். புத்தகம் எவ்வளவு தடிமன்! அதில் அந்தக் கை எப்படிக் கற்றது, எந்த அழுத்தம், எப்போது நிறுத்த வேண்டும், தவறான இடத்தைப் பிடித்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும், இதெல்லாம் எவ்வளவு குறைவு. தளர்வுப் பயிற்சிக்குப் பக்கம் பக்கமாக விளக்கம். குணமானவர்கள் சொன்ன கதைகள் ஏராளம். அவர்கள் நடத்தும் ஆறு நாள் முகாமைப் பற்றிய பேச்சு அடிக்கடி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் நீளமான விளம்பரத் துண்டுப் பிரசுரம் படிக்கிற உணர்வு வந்துவிடும். நோயாளிக்கு எழுதிய புத்தகம் என்று அவர்கள் பக்கத்திலிருந்து சொல்லலாம், நியாயம்தான். ஆனால் செங்கல்பட்டில் இருக்கிற நோயாளிக்கு அந்தப் புத்தகம் 'உன்னைக் குணப்படுத்தும் விரல் உலகத்தில் உண்டு, ஆனால் உன் ஊரில் இல்லை' என்றுதானே சொல்கிறது?

ஒரு விஷயத்தை மட்டும் பாராட்ட வேண்டும். பின்னாளில் அவர்கள் நோயாளியே பயன்படுத்தும் ஒரு வளைந்த கருவியைச் செய்தார்கள். 2012இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதில் அழுத்தத்தை அளந்து காட்டும் மானி இருக்கிறது. 'கொஞ்சம் அழுத்து' என்பது முதல்முறையாக ஒரு எண்ணாக மாறியது. கைப்பக்குவத்தை எழுத்தில் இறக்கும் முயற்சி என்றால் எனக்குத் தெரிந்து அவர்கள் செய்ததில் அதுதான் உருப்படியானது.

'இந்தக் கையைப் பயிற்றுவிக்க முடியுமா' என்ற கேள்விக்கு நிஜமான பதில் வேறு ஒரு குழுவிடம் இருக்கிறது. மேரி பாட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மருத்துவர் தலைமையில் 2009இல் ஒரு முன்னோட்ட ஆய்வு வந்தது. பல மையங்கள், பல தெரபிஸ்டுகள். 47 நோயாளிகள், 23 ஆண்கள், 24 பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி பாதிப் பேருக்கு உள்ளும் வெளியும் தசை சிகிச்சை, பாதிப் பேருக்கு உடம்பு முழுக்கப் பொதுவான மசாஜ். வாரம் ஒரு மணி நேரம், அதிகபட்சம் பத்து முறை. முன்னேறியதாகச் சொன்னவர்கள் தசை சிகிச்சையில் 57%, மசாஜில் 21%.

நான் முதலில் பார்த்தது இந்த எண்ணைத்தான். அந்த ஆய்வு தனக்கு வைத்துக்கொண்ட முதல் கேள்வி வேறு. 'வெவ்வேறு ஊர்களில் இருக்கும் தெரபிஸ்டுகள் ஒரே செய்முறையைக் கடைப்பிடிப்பார்களா? நோயாளிகள் இப்படி ஒரு ஆய்வில் சேரச் சம்மதிப்பார்களா?' பதில், இரண்டுக்கும் ஆம். பஸ் ஃபேக்டர் ஒன்றிலிருந்து ஏறியது. இதே குழு 2012இல் 81 பெண்களை வைத்துப் பெரிதாகச் செய்தபோது 59%, 26% என்று வந்தது. ஏறக்குறைய அதே இடைவெளி. ஒரு சோதனை திரும்பச் செய்யும்போதும் அதே விடை தந்தால் என் மாதிரி ஆளுக்கு வரும் சந்தோஷமே தனி.

ஆனால் அந்த 2012 கட்டுரையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் படிக்க வேண்டும். 'மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள்' என்ற கேள்விக்குத்தான் அந்த வித்தியாசம். வலி எத்தனை, அவசரம் எத்தனை, எத்தனை முறை சிறுநீர் என்று தனித்தனியே மதிப்பெண் கேட்டபோது இரண்டு குழுவிலுமே குறைந்தது, இரண்டுக்கும் நடுவே நம்பத்தகுந்த வித்தியாசம் இல்லை. ஆக, விரல் என்ன செய்தது? வலியைக் குறைத்ததா, இல்லை வலியோடு இருக்கும் நபரை மாற்றியதா? புத்தகத்தைத் தூக்கிப்பிடிக்கும் பலர் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த 26% பேரையும் சும்மா விடக்கூடாது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் நடந்தால் 'ஆயுர்வேத மசாஜ்' போர்டு வரிசையாக இருக்கும். நான் அதைப் பார்த்து நக்கலடித்த காலம் உண்டு. நாலில் ஒரு பெண் வெறும் பொது மசாஜில் முன்னேறினார் என்றால் நக்கலடிக்க எனக்கு உரிமை குறைகிறது. அதே சமயம், எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர் 'எனக்கு அதுவும் தெரியும்' என்று அடுத்த அடி எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ட்ரிகர் பாயிண்ட் என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்பதே சண்டையில் இருக்கிறது. 2015இல் க்விண்ட்னர், போவ், கோஹன் என்ற மூவர் 'ருமட்டாலஜி' இதழில் இந்தக் கோட்பாட்டை உரித்துத் தொங்கவிட்டார்கள். தசையில் முடிச்சு என்று நீங்கள் தொடுவது நரம்பு எரிச்சலாகக்கூட இருக்கலாம், ஊகத்தைச் சுற்றி ஊகமாகக் கட்டியிருக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். மறுப்புகளும் வந்தன. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. நான் திரும்பத் திரும்பப் படிப்பது 1997இல் ராபர்ட் கெர்வினும் மற்றவர்களும் செய்த ஒரு சின்ன ஆய்வை. அனுபவமுள்ள நிபுணர்களை ஒரே நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். யார் எங்கே முடிச்சு என்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். முதல் சுற்றில் ஒத்துப்போகவில்லை. நிபுணர்கள்! பிறகு அவர்களை உட்காரவைத்து, எதைத் தொடுகிறோம், எதை 'உண்டு' என்கிறோம் என்று ஒன்றாகப் பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி செய்தார்கள். இந்த முறை ஒத்துப்போனது.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். பயிற்சி இருந்தால் கை நம்பகமாகிறது என்று ஒன்று. பயிற்சி கொடுத்தால் இல்லாததைக்கூட நாலு பேர் ஒரே இடத்தில் உணர்வார்கள் என்று இன்னொன்று. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் இரண்டாவதை மறக்காமல். எப்படிப் படித்தாலும், தனியாகப் படித்துத் தனியாகத் தொட்டுக் கற்ற கைக்கு ஆதாரம் இல்லை. நான் அந்தப் பெண்ணிடம் சொன்ன 'முடியாது' இங்கேதான் இருந்திருக்கிறது. புத்தகம் தப்பு என்பதற்காக இல்லை. ஒரே நோயாளியை இன்னொரு கையும் தொட்டு, 'நீ சொல்வது எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும் ஏற்பாடு அதில் கிடையாது.

செங்கல்பட்டுக்காரன் என்பதால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருமணி ஞாபகம் வரும். ஊருக்கு வெளியே இருக்கும் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 1955இல் அரசு எடுத்துக்கொள்வதற்கு முன் அது லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1947இல் வேலூர் சி.எம்.சி.யில் இருந்த பால் பிராண்டு என்ற எலும்பு அறுவை மருத்துவரை ராபர்ட் காக்ரேன் அங்கே அழைத்துப்போய்க் காட்டினார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் பிராண்டு தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்திருந்த கை. பிடித்த பிடியில் பிராண்டுக்கு வலித்தது. முன்கைத் தசைகள் உயிரோடுதான் இருக்கின்றன, உள்ளங்கையின் சின்னத் தசைகள்தான் போய்விட்டன என்று அவருக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. பிறகு வேலூரில் தசைநாண் மாற்று அறுவை சிகிச்சைகள் தொடங்கின.

இந்தக் கதையை எல்லோரும் அறுவை சிகிச்சையின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது இரண்டு விஷயங்களுக்காகப் பிடிக்கும். யாரும் தொடாத கையை ஒருத்தர் தொட்டார், தொட்டதால் தெரிந்துகொண்டார் என்பது ஒன்று. அதற்குப் பின்னால் நடந்த சலிப்பான வேலை இன்னொன்று. இடம் மாற்றிய தசைநாண் தானாக வேலை செய்யாது. வாரக்கணக்கில் நோயாளிக்கு அந்தத் தசையைத் திரும்பப் பழக்க வேண்டும். ஒவ்வொரு தசையின் பலத்தையும் எண் போட்டு அட்டையில் எழுத வேண்டும். இதைச் செய்ய டாக்டர்கள் போதாது என்பதால் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். திருமணியின் பெயரிலேயே 'பயிற்சி' இருப்பது அலங்காரத்துக்கு இல்லை. யார் தொட்டாலும் அட்டையில் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும், வராவிட்டால் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி தொட வேண்டும். அந்த ஒழுங்கு நம் மண்ணில் ஒருமுறை நடந்திருக்கிறது, அதுவும் யாரும் தொட விரும்பாத உடம்பில். இடுப்புத்தளத்தையும் நாம் தொட விரும்புவதில்லை. காரணம் மட்டும் வேறு.

அந்தக் காரணத்தைப் பற்றி வைஸ் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு தெரபிஸ்ட், அறை, கையுறை, நோயாளி. சரி, அந்த அறைக்குள் நம்மைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பி.பி.டி. நாலரை வருடம் படித்துவிட்டு வரும் பெண், பெண் நோயாளியிடமே இதைச் சொல்லத் தயங்குவார். ஆண் நோயாளி என்றால் பேச்சே இல்லை. ஆண் தெரபிஸ்டிடம் போக ஆண்களுக்கு வேறு விதமான கூச்சம். அமெரிக்காவில் ஹெர்மன் அண்ட் வாலஸ் மாதிரி நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளில் மாணவர்கள் ஜோடியாகப் பிரிந்து ஒருவர் மேல் ஒருவர் உட்பரிசோதனையைப் பழகுகிறார்கள். பெண்ணுறுப்பு வழிப் பரிசோதனை முதல் வகுப்பில், ஆசனவாய் வழி அதற்கடுத்த வகுப்புகளில். பல பேருடைய படிப்பு முதல் வகுப்போடு நின்றுவிடும் என்றால் ஆண்களுக்குக் கை கிடைப்பது இன்னும் அபூர்வம். எனக்கு ஒருவழியாகக் கிடைத்தது பெங்களூரில். எட்டு முறை போனேன். முக்கால்வாசி குறைந்தது. விரலாலா, தினமும் படுத்துச் செய்த தளர்வுப் பயிற்சியாலா, இல்லை தானாகவா என்று நேர்மையாக என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் வேலையும் மாற்றினேன்.

பயம் என்று மேலே சொன்னேன். லாரி நாசர். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டர். சிறுமிகளை வருடக்கணக்கில் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கிவிட்டு, அது இடுப்புத்தளச் சிகிச்சை என்று சொன்னவர். கையுறை போடவில்லை, சம்மதம் கேட்கவில்லை. 2018 ஜனவரியில் 40 முதல் 175 வருடம் வரை தண்டனை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தில் நேருக்கு நேர் பேசினார்கள். என்னைத் தூங்கவிடாத விவரம் ஒன்று உண்டு. சில சமயம் அம்மா அதே அறையில் இருந்திருக்கிறார். பார்வையை மறைத்து நின்றுகொண்டு செய்திருக்கிறார். ஆக, 'துணைக்கு ஒரு ஆள் இருந்தால் போதும்' என்பது போதாது. நிஜமான சிகிச்சை எப்படி இருக்கும், எங்கே முடியும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று படுக்கையில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் சட்டத்தில் 2013 திருத்தத்தின்போது 'மருத்துவ நடைமுறை'க்கு விலக்கு கொடுத்தார்கள். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. எது மருத்துவ நடைமுறை என்று காட்ட வேண்டிய நாள் வந்தால், பயிற்சிச் சான்றும் கையெழுத்திட்ட சம்மதப் படிவமும்தான் தெரபிஸ்டைக் காப்பாற்றும். நோயாளியையும்தான்.

புத்தகம் சொல்லி நான் முழுசாக ஒப்புக்கொள்ளும் ஒன்று: கெகல் பயிற்சி எல்லோருக்கும் இல்லை. ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதியது பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசைகளுக்கு. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையை இன்னும் இறுக்கச் சொன்னால் வலி கூடத்தான் வாய்ப்பு. ஆனால் 'கீழே' என்று யார் வாய் திறந்தாலும் நம் ஊரில் கிடைக்கும் முதல் அறிவுரை, "சுருக்கிச் சுருக்கி விடுங்க".

இதையெல்லாம் நாலு பக்கம் அச்செடுத்துக்கொண்டு போன வாரம் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். இந்தக் கேள்வி அவருக்கு ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் சொன்னார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் குப்பத்திலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். கடைசிப் பிரசவத்திலிருந்து வலி, பல வருடமாக. "கீழ எல்லாம் புடிச்சு இழுக்குதும்மா" என்று மட்டும் சொல்வாராம். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் உள்ள எதுவும் தொடல சார். மூச்சுப் பயிற்சி, தொடை, இடுப்புக்கு வெளிய மட்டும்தான். கெகலை நிறுத்தச் சொல்லிட்டேன்."

"அது போதுமா?"

"தெரியல. அதான் கேக்கறேன். சரி, முறையா கத்துக்கிட்டாலும் முதல்ல யார் மேல பழகறது?"

ஜோடியாகப் பழகும் வழக்கத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கூடப் படித்தவர்களில் ஒருத்தி காஞ்சிபுரத்தில் இருக்கிறாளாம், இன்னொருத்தி திண்டிவனத்தில். "மூணு பேரா சேர்ந்து எங்கயாவது கோர்ஸ் போகலாமான்னு கேட்டுப் பாக்கறேன். திண்டிவனத்துக்காரி முதல்ல என்னை அடிப்பா, அப்புறம் வருவா."

நோட்டில் அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாராவாரம் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்திருந்தார். எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஆறு. ஓரத்தில் பென்சிலில் இன்னொரு குறிப்பு இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"அது நம்பர்ல வராது சார். முதல்ல வரும்போது பஸ்ல முழுக்க நின்னுக்கிட்டே வரும். இப்ப திருக்கழுக்குன்றம் வரைக்கும் உக்காந்து வருதாம்."